65 குஞ்சுக்கு 1,000 டோஸ்: மேரக்ஸ் தடுப்பூசி, மூன்று ஈடு போட்டுப் பார்த்த பிறகு

கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். போன ஐப்பசியில் பதினான்கு வாரப் பெட்டைகள் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டியபடி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சத்துக் குறைவு என்று நானே முடிவுசெய்து வைட்டமின் டானிக் ஊற்றிக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவர் செத்த கோழி ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரலில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்; ஒரு தொடை நரம்பு மற்றதைவிட இரு மடங்கு தடிப்பு. "மேரக்ஸ். வைரஸால் வருகிற புற்றுநோய். இதற்கு வைத்தியம் கிடையாதும்மா, அடுத்த ஈட்டுக்குப் பொரித்த அன்றே ஊசி போட்டுவிடுங்கள்" என்றார்.

நான் வாங்குவது உலர்தூள் வகை. சாதாரணக் குளிர்பெட்டியில் வைக்கலாம். பெரிய பொரிப்பகங்கள் பயன்படுத்தும் இன்னொரு வகைக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும், நம் வீட்டுக்கு ஒத்துவராது. தூளில் இருப்பது வான்கோழியிடமிருந்து எடுத்த, தீங்கு செய்யாத உறவுக்கார வைரஸ். 1970 வாக்கில் வந்த இந்த ஊசிதான் புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்கிறார்கள். மனிதருக்கு அப்படியொன்று வருவதற்கு முன்பே கோழிக்கு வந்துவிட்டது!

கழுத்துத் தோலைத் தூக்கி 0.2 மில்லி. என் மகள் குஞ்சைப் பிடிப்பாள், நான் போடுவேன். 65 குஞ்சுக்கு அரை மணி நேரம். முதல் ஈட்டில் ஒன்றுகூடக் கால் இழுக்கவில்லை.

இரண்டாம் ஈட்டில் மூன்று போயின. தப்பு என்னுடையது. ஊசி போட்டாயிற்றே என்று இரண்டாம் நாளே பழைய கொட்டகையில் விட்டுவிட்டேன். எதிர்ப்புச் சக்தி வர ஒரு வாரமாவது ஆகும்; நோய் தரும் வைரஸோ இறகுத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்த ஊசி கட்டியைத்தான் தடுக்கிறது, தொற்றைத் தடுப்பதில்லை. ஊசி போட்ட கோழியும் நோய் வைரஸை உதிர்க்கும். ஆகவே போட்டதையும் போடாததையும் கலந்து வளர்க்காதீர்கள். மூன்றாம் ஈட்டைத் தனி அறையில் மூன்று வாரம் வைத்திருந்தேன், இதுவரை பழுதில்லை.

குறை என்று சொன்னால் குப்பியின் அளவுதான். கடையில் கிடைப்பது 1,000 டோஸ் குப்பி. கரைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. 65 குஞ்சுக்குப் போட்டுவிட்டு 935 டோஸைக் கொட்டும்போது வயிறு எரிகிறது. சிறு வளர்ப்பாளர் என்று ஓர் இனம் இருப்பதே தயாரிப்பாளர்களுக்குத் தெரியாதோ என்னவோ. ஒரு கடைக்காரர் பனிக்கட்டி இல்லாமல் வெறும் பாலிதீன் பையில் போட்டு நீட்டினார், வாங்காமல் திரும்பிவிட்டேன். தெர்மாஸ் குடுவையை நீங்களே எடுத்துப் போங்கள்.

இப்போது பக்கத்துத் தோட்டத்தார் மூவரும் நானும் ஒரே நாளில் முட்டையை அடை வைக்கிறோம். 21-ஆம் நாள் குஞ்சுகள் எங்கள் வாசலுக்கு வந்துவிடும், ஒரே குப்பி. மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. 100 டோஸ் குப்பி வரட்டும், ஐந்தும் தருகிறேன்.