யூஎஸ்பி 2.0-ஆ, 3.0-ஆ: எதை எதில் செருகுவது?

வெளியே பார்த்தால் இரண்டு துளைகளும் ஒன்றுபோலத்தான். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: 2000-இல் வந்த 2.0-இல் 4 தகடுகள். 2008-இல் வந்த 3.0-இல் அதே நான்கோடு கூடுதலாக 5.

பழைய நான்கில் ஒன்று 5 வோல்ட் மின்சாரம், ஒன்று கிரவுண்ட், மீதி இரண்டும் டேட்டாவுக்கு. போக்கும் வரத்தும் அந்த ஒரே ஜோடியில்தான். குறுகிய பாலம் மாதிரி, ஒரு பக்கம் நின்றால்தான் மறுபக்கம் நகரும். மவுஸ் தானாக வாய் திறக்காது. "ஏதாவது உண்டா?" என்று கணினிதான் கேட்டுக்கொண்டே இருக்கும், சாதாரண மவுஸிடம் நொடிக்கு 125 முறை. உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட் (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்). ஹார்டு டிஸ்கில் படம் ஏற்றும்போது நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டுவதே அரிது.

3.0-இல் அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி. வேகம் 5 ஜிகாபிட் என்பார்கள். ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாறிப் போவதால் கைக்கு வருவது அதிகபட்சம் 4. மின்னோட்டமும் 500 மில்லிஆம்பியரிலிருந்து 900 ஆனது. ஹார்டு டிஸ்குக்கு யோசிக்கவே வேண்டாம், இதுதான். ஆனால் பிளக்கை மெதுவாகச் செருகினால் பழைய தகடுகள் முதலில் தொட்டு, சில சமயம் 2.0 வேகத்திலேயே ஓடும். பிடுங்கி, சட்டென்று செருகுங்கள்.

கீபோர்டு, மவுஸுக்கு 2.0 தாராளம். வயர்லெஸ் மவுஸின் டாங்கிளை (கணினியில் செருகும் குட்டி ரிசீவர்) 3.0-க்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது என்பேன்: 3.0-இன் மின் இரைச்சல் மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கலந்து, கர்சர் திக்கித் திக்கி நகரும்.