ஸ்லீவா, பைபாஸா? ஈப்போவில் நான் பார்த்த இரண்டு ஆலோசனைப் பிரிவுகள்

எடை குறைப்பு அறுவை சிகிச்சையில் இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ், உணவுப் பாதையை மாற்றும் பைபாஸ் ஆகியவற்றில் எந்த வகை எனக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்வதற்காக மலேசியாவின் ஈப்போவில் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் ஆலோசனைப் பிரிவுகளுக்குச் சென்றுவந்தேன். முதல் இடத்தில் நாற்பது நிமிடத்தில் எனக்கான முடிவை அவர்களே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் அந்த முடிவுக்கு வர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. இரண்டின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. எந்த மருத்துவமனையின் வாசலை மிதித்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம் என்பதால் பெயரைவிட நடந்ததைச் சொல்வதே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 43. அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால்மரம் சீவப் போனவர். சீனி தூக்கலாகப் போட்ட கோப்பியும் நான்கு பிஸ்கட்டும்தான் அவருடைய பசியாறல். மலைச்சரிவில் ஏறி இறங்கிய உடம்பு அதை எரித்துவிட்டது. லயத்து வீட்டை விட்டுப் பட்டணத்துக்கு வந்த எங்கள் தலைமுறை கோப்பியோடு ரொட்டி சானாயையும் சேர்த்துக்கொண்டது, நடையை விட்டுவிட்டது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோடு அல்லது உடல் பருமனோடு இருந்தார்கள். இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 104 கிலோ எடையும், ஒன்பது ஆண்டுகளாக இனிப்பு நீர் என்ற நீரிழிவும், படியேறினால் வலிக்கும் முட்டியுமாக நானும் அந்தக் கணக்கில் ஒருத்தி.

எடை உயரத்துக்கு ஏற்றதா என்று காட்டும் பி.எம்.ஐ. எண் எனக்கு ஏறக்குறைய 42. 1991ஆம் ஆண்டின் அமெரிக்க வரையறையில் 40க்கு மேல் இருந்தாலோ, 35க்கு மேல் இருந்து கூடவே நோய்கள் இருந்தாலோ அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைத்தார்கள். 2022இல் அனைத்துலக நிபுணர் அமைப்புகள் அதை 35 என்று தளர்த்தின. இனிப்பு நீர் போன்ற நோய் உள்ளவர்களுக்கு 30 போதும் என்றும், ஆசியர்களுக்கு 27.5 முதலே இதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆகவே எனக்கு அறுவை சிகிச்சை தேவையா என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்த அறுவை சிகிச்சை என்பதில்தான் இரண்டு மருத்துவமனைகளும் வேறுபட்டன.

முதல் இடத்தில் ஒருங்கிணைப்பாளர் என் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டார். இனிப்பு நீர் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார். வழவழப்பான ஒரு கையேட்டை நீட்டினார். அதில் ஸ்லீவ் சிகிச்சையின் மொத்தக் கட்டணம் அச்சிடப்பட்டிருந்தது. மாத முடிவுக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று பேனாவால் அடிக்கோடிட்டும் காட்டினார். மருத்துவரைப் பார்த்தது பத்து நிமிடம். இரவில் நெஞ்செரிச்சல் வருகிறது என்று நானாகச் சொன்னபோது, எடை குறைந்தால் அதுவும் போய்விடும் என்றார். எடை குறைந்தால் நெஞ்செரிச்சல் குறைவது உண்மைதான். ஆனால் ஸ்லீவ் செய்துகொண்ட பலருக்கு அது அதிகமாகிறது, முன்பு இல்லாத சிலருக்குப் புதிதாகவும் வருகிறது என்ற மறுபாதியை அவர் சொல்லவில்லை. அந்த மறுபாதி என் வாழ்க்கை முழுவதையும் பாதிக்கக் கூடியது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி வெளியே எடுத்த பிறகு அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. ஒரு கைப்பேசி வாங்குவதற்குக்கூட நான் இதைவிட அதிகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். முன்பணம் கட்டாமல் வீடு திரும்பினோம்.

எனக்கு இரண்டாவது இடத்தைக் காட்டியவர் எங்கள் அரசு கிளினிக்கின் மருத்துவர். அங்கே அறுவை மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்பதுதான். இரண்டு என்றேன். பக்கத்திலிருந்த என் கணவர் மூன்று என்று திருத்தினார். உடனே மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, ஸ்கோப் (வாய்வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது) பார்க்காமல் எந்தச் சிகிச்சையைப் பற்றியும் பேசப் போவதில்லை என்றார். அந்த நொடியே இந்த இடத்தின்மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஸ்கோப்பில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துளை வழியாக நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதி அமிலம் பட்டுப் புண்ணாகியிருந்தது. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. கிருமிக்கு இரண்டு வாரம் மாத்திரை கொடுத்து, பிறகு மூச்சுப் பரிசோதனை செய்து அது போய்விட்டதை உறுதிப்படுத்திக்கொண்ட பின்னர்தான் மருத்துவர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்து பேசத் தொடங்கினார்.

ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வரை நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படும். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பின் பெரும்பகுதி வெட்டி எடுக்கும் அந்த இடத்திலேயே சுரப்பதால் பசியும் அடங்குகிறது. குடலைத் தொடுவதில்லை, சிகிச்சை நேரம் குறைவு, சத்துக் குறைபாடும் ஒப்பளவில் குறைவு. இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படுவது இதுதான். ஆனால் குறுகிய அந்தக் குழாயில் அழுத்தம் ஏறுவதால் அமிலம் மேலே தள்ளப்படுகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் ஒரு கிளை நேராக அதனோடு இணைக்கப்படும். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், உணவு மட்டும் அதன் வழியே போகாது. அமிலம் சுரக்கும் பெரும்பகுதி உணவுப் பாதையிலிருந்து விலகிவிடுவதால் நெஞ்செரிச்சல் தணிகிறது.

பின்லாந்தில் 240 பேரை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வை அவர் எடுத்துக் காட்டினார். ஐந்தாம் ஆண்டில் ஸ்லீவ் குழுவினர் தங்கள் கூடுதல் எடையில் 49 விழுக்காட்டையும், பைபாஸ் குழுவினர் 57 விழுக்காட்டையும் இழந்திருந்தனர். எடையில் வேறுபாடு இவ்வளவுதான். பத்தாம் ஆண்டில் ஸ்கோப் பார்த்தபோதோ ஸ்லீவ் குழுவில் 31 விழுக்காட்டினருக்கும் பைபாஸ் குழுவில் 7 விழுக்காட்டினருக்கும் உணவுக்குழாயில் அழற்சி இருந்தது. என் புண்ணின் படத்தை அந்த எண்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. இனிப்பு நீரைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவ நிலையம் 150 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸ் குழுவில் 29 விழுக்காடு, ஸ்லீவ் குழுவில் 23 விழுக்காடு, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு. அறுவை சிகிச்சை செய்தால் இனிப்பு நீர் எல்லாருக்கும் அடியோடு போய்விடும் என்று ஊரில் பேசிக்கொள்வதை இந்த எண்கள் ஏற்கவில்லை என்பதையும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார்.

அப்படியானால் பைபாஸ் என்று உடனே முடிவாகிவிட்டதா என்றால், இல்லை. என் முட்டிவலி குறுக்கே வந்தது. வலி தாங்காத நாள்களில் நான் விழுங்கி வந்த டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகளை பைபாஸ் செய்தவர்கள் தவிர்க்க வேண்டும். பையும் குடலும் சேரும் இணைப்பில் புண் வந்து இரத்தம் கசியலாம், துளையே விழலாம். புகைப்பவர்களுக்கும் அதே ஆபத்து உண்டு. போதாததற்கு எனக்கு ஏற்கெனவே இரத்தசோகை. பைபாஸில் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது இன்னும் குறையும். முட்டி ஸ்லீவின் பக்கம் இழுக்க, நெஞ்சும் இனிப்பு நீரும் பைபாஸின் பக்கம் இழுத்தன. மருத்துவர் அன்று முடிவு சொல்லவில்லை. ஆறு வாரம் பாரசிட்டமாலும் முட்டிக்கான பயிற்சியும் மட்டும் வைத்துச் சமாளிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். சமாளித்தேன், சில இரவுகள் கடினமாக இருந்தன. அதன் பிறகுதான் பைபாஸ் என்று முடிவானது. அந்த ஆறு வாரச் சோதனைதான் இந்தப் பிரிவு எனக்குச் செய்த மிகப் பெரிய உதவி என்று இன்றும் நினைக்கிறேன்.

மற்ற வகைகளைப் பற்றியும் கேட்டேன். இரைப்பையைச் சுற்றி வளையம் பொருத்துவதை இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். வழுக்கியும் அரித்தும் திரும்பக் கழற்ற வேண்டியவை பல. இரைப்பைக்குள் வைக்கும் பலூன் பெரும்பாலும் ஆறு மாதத்தில் வெளியே எடுக்கப்படுவது, எடுத்த பின் எடை திரும்புவது வழக்கம். ஒற்றை இணைப்பு பைபாஸ் சுருக்கமானது, இனிப்பு நீருக்கும் நல்லது; ஆனால் பித்தநீர் மேலே வர வாய்ப்புண்டு என்பதால் என் உணவுக்குழாய்க்கு அது வேண்டாம் என்றார். எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசிகளும் உண்டு. அவற்றை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும், மாதச் செலவும் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது.

உணவு ஆலோசகரைத் தனியே பாராட்ட வேண்டும். தமிழ் பேசும் இளம்பெண். என்னை அக்கா என்றே அழைத்தார். 30 மில்லி என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை என்றதும், இருமல் மருந்துப் போத்தலின் மூடியில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிச் சம்பால் வைக்கும் சின்னக் கிண்ணத்தில் கவிழ்த்தார். கிண்ணத்தின் அடிதான் நனைந்தது. என் கணவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையின் அச்சடித்த உணவுப் பட்டியலில் இருந்த பாதிப் பொருள்களை நாங்கள் வீட்டில் சமைத்ததே இல்லை. அந்தப் பெண் அதை ஓரமாக வைத்துவிட்டு, முதல் இரண்டு வாரம் வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர், மோர்; பிறகு மசித்த தௌஃபு, தயிர், முள் நீக்கிய மீன் என்று என் சமையலறையிலிருந்தே பட்டியலை எழுதினார். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்ற கணக்கையும் அவரே என்னைப் போடவைத்தார்.

என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: நள்ளிரவில் ஏதாவது ஆகிவிட்டால் சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கே ஓடுவது? அதற்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். இவருக்கு பைபாஸ் செய்யப்பட்டுள்ளது, கடும் வயிற்றுவலி என்றால் குடல் உள்ளுக்குள்ளேயே சிக்கியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும், இன்னின்ன வலிநிவாரணிகள் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அதில் எழுதியிருந்தது. எந்த அவசரப் பிரிவிலும் காட்டலாம். பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். எங்களைப் போன்ற தோட்டப்புற ஊர்க்காரர்களுக்கு அதுதான் தைரியம்.

குறைகளும் உண்டு. கட்டணம் அதிகம், பைபாஸ் ஸ்லீவைவிடச் சில ஆயிரம் வெள்ளி கூடுதலாக வந்தது, என் மருத்துவக் காப்புறுதி அட்டை இந்தச் சிகிச்சையை ஏற்காது என்று எழுத்தில் பதில் வந்ததால் சேமிப்பையும் கடனையும் சேர்த்துத்தான் கட்டினோம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இந்த அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன; காத்திருக்க முடிந்தவர்கள் முதலில் அரசு, பல்கலைக்கழக மருத்துவமனைகளில் விசாரிப்பது நல்லது. ஈப்போவில் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். முடி கொட்டும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான்காம் மாதம் தலை வாரியபோது சீப்பு நிறைய முடி வந்ததைப் பார்த்து அழுதேன். வேகமாக எடை குறையும்போது இது வழக்கம், பின்னர் வளரும் என்பதை அப்போதுதான் தொலைபேசியில் சொன்னார்கள். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பைபாஸ் செய்து இப்போது பதினான்கு மாதங்கள். எடை 73 கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6இலிருந்து 6.1க்கு இறங்கியிருக்கிறது; இரண்டு மாத்திரைகளில் ஒன்று நின்றுவிட்டது. ஒற்றைத் தலையணையில் படுக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டு அரைக் கிண்ணம் பாயசம் குடித்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்க, வியர்த்து ஊற்ற, காருக்குள் படுத்துக் கிடந்தேன். சீனி நேராகக் குடலுக்குள் பாய்வதால் வருவது அது; மருத்துவர் வரைந்த படத்தில் அதையும் குறித்திருந்தார். இரும்புச்சத்து இன்னும் குறைவாகவே இருக்கிறது, மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுதும் எடுக்க வேண்டும்.

என் கட்டணத்தில் இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு மட்டுமே அடங்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறுவை மருத்துவரிடம் கடிதம் வாங்கி எங்கள் ஊர் அரசு கிளினிக்கில் கொடுத்துவைத்திருக்கிறேன். இனி ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகளில் முடிந்தவற்றை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்று கிளினிக் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.