இலக்கணம் தனி நோட்டிலா, கட்டுரைக்குள்ளா?

வீட்டில் வைத்தே பிள்ளைக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இலக்கணத்துக்கு ஒரு பயிற்சிப் புத்தகம், எழுத்துப்பிழைக்கு ஒரு நோட்டு, கட்டுரைக்கு இன்னொன்று என்று பிரித்து நடத்தலாம். அல்லது பிள்ளை எழுதும் கட்டுரையிலிருந்தே இலக்கணத்தையும் எழுத்தையும் எடுத்துக்கொள்ளலாம். 8 முதல் 12 வயது வரைக்கும் என் ஓட்டு இரண்டாவதற்கே.

தனி நோட்டின் வசதி தெரிந்ததுதான். பாடம் வரிசையாகப் போகும், பின்பக்கம் விடை இருக்கும், பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். சிக்கலும் அந்த வரிசையில்தான். அரசுப் பாடநூலில் வல்லினம் மிகும் இடங்கள், அதாவது இரு சொற்களுக்கு நடுவில் க், ச், த், ப் வரும் இடங்கள், விரிவாக வருவது எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில். ‘பாலை குடித்தேன்’, ‘கடைக்கு போனேன்’ என்ற பிழையோ மூன்றாம் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஐந்து வருடம் கை பழகிய பிறகு விதியைப் படித்தால், பிள்ளை கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பும். அடுத்த பக்கத்தில் சொந்தமாக எழுதும்போது க், ப் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கட்டுரை வழிக்கு வாரம் நாலு நாளும் சனிக்கிழமை ஒரு சின்னச் சோதனையும் போதும். திங்களன்று ஐந்து வரி சொல்வதெழுதுதல், செவ்வாயன்று எட்டுப் பத்து வரி சொந்தமாக, புதனன்று திருத்தம். வியாழனன்று பிழைபட்ட மூன்று வாக்கியங்களை மட்டும் மறுபடி எழுதினால் போதும். முழுவதையும் திருப்பி எழுதச் சொன்னால் அடுத்த வாரக் கட்டுரை நாலு வரியாகச் சுருங்கிவிடும்.

சொல்வதெழுதுதலுக்கு நம் குமரி மாவட்டத்து ஊர்ப் பெயர்களே போதும். குழித்துறையில் ழ, ற. ஆரல்வாய்மொழியில் ர, ல, ழ மூன்றும். கோழிப்போர்விளையில் ழ, ள இரண்டோடு நடுவில் ஒரு ப். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்த பிள்ளையிடம், தொட்டிக்கும் பாலத்துக்கும் நடுவில் ப் எப்படி வந்தது என்று கேளுங்கள். பேச்சிப்பாறை, மட்டிப்பழம் என்று அதுவே அடுக்கும்.

மாவட்டத்தின் மேற்கே மலையாளம் கேட்டு வளரும் பிள்ளைக்கு ர, ற எளிது; மலையாளத்திலும் அந்த வேறுபாடு உண்டு. ஆனால் மழையும் வாழையும் ‘மழ’, ‘வாழ’ ஆகிவிடும். ‘வெள்ளம் கோரினேன்’ (தண்ணீர் மொண்டேன்) என்பதைப் பிழையென்று அடிக்க வேண்டாம். உரையாடலில் அப்படியே நிற்கட்டும், விவரிக்கும் இடத்தில் மட்டும் ‘தண்ணீர்’ ஆகட்டும்.

எந்த வழி நிலைக்கும் என்பதை முடிவு செய்வது திருத்தம். பத்து வரியை ஒழுங்காகப் பார்க்கக் கால் மணி நேரமாகும்; இரண்டு பிள்ளைகள் என்றால் அரை மணி, அதுவும் வாராவாரம். மூன்று வாரம் தேங்கினால் நோட்டு வீண். என்ன நினைத்து எழுதினோம் என்பது பிள்ளைக்கே மறந்திருக்கும். ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் பாருங்கள். சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேண்டாம்; வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. எந்தச் சொல் என்று பிள்ளை தேடட்டும். கண்டுபிடித்த சொல் ஒரு 40 பக்க நோட்டுக்குப் போகும். அதில் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண, ஒற்று என்று நாலு பகுதி. ‘பள்ளி’ எழுதினால் பக்கத்தில் ‘பல்லி’. சோடியாக எழுதினால்தான் மனதில் நிற்கும். சனிக்கிழமை அதிலிருந்து பத்துச் சொல் கேளுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் சரியாக வந்த சொல்லை அடித்துவிடலாம்.

முதலில் எடுக்க வேண்டிய விதி: ட், ற் என்ற மெய்களுக்குப் பின்னால் இன்னொரு மெய் வராது. ‘காட்ச்சி’, ‘முயற்ச்சி’, ‘கற்ப்பனை’ எல்லாம் ஒரே வாரத்தில் ஒழியும். அடுத்து ண்ட, ன்ற, ந்த. அதன் பிறகு ஐ, கு உருபுகள்: பாலைக் குடித்தேன், கடைக்குப் போனேன். இங்கேதான் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. விதி பிடிபட்ட பிள்ளை எல்லா இடத்திலும் ஒற்றைச் செருகி, ‘வந்துக் கொடுத்தான்’ என்று எழுதும். ‘எடுத்து’ என்பதில் துவுக்கு முன் த் இருக்கிறது, அதனால் ‘எடுத்துக் கொடுத்தான்’. ‘வந்து’ என்பதில் ந் இருக்கிறது, அதனால் ஒற்று இல்லை. வன்தொடர்க் குற்றியலுகரம் என்ற பெயர் மெதுவாக வரட்டும்.

விட்டுப்போன ஒற்று பெற்றோர் கண்ணிலேயே படவில்லை என்றால், முதல் மூன்று மாதம் விடையுள்ள புத்தகமே மேல். யாப்புக்கும் அதுதான், தேமா, புளிமா எந்தக் கட்டுரையிலிருந்தும் முளைக்காது. 13 வயதில் முதன்முதலாகத் தமிழ் எழுதத் தொடங்கும் பிள்ளைக்குக் கட்டுரை வழி மட்டும் போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தேர்வை நினைத்திருப்பவர்கள் கடைசி ஒரு வருடம் இலக்கணத்துக்குத் தனி நோட்டுப் போட்டுவிடுவது நல்லது. வாரம் ஒரு கட்டுரை அதன் பாட்டுக்கு ஓடட்டும்.