பி.காம்., எல்.எல்.பி. ஐந்தாண்டா, பி.காம். முடித்து எல்.எல்.பி.யா: மூன்றாம் ஆண்டில் ஒரு கதவு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எங்கள் தெருவிலிருந்து யாராவது ஒருவர் மதிப்பெண் பட்டியல் நகலுடன் என் வீட்டுப் படியேறிவிடுவார். இந்த ஆண்டு வந்தவர் எதிர்வீட்டு அக்கா. "ஏம்மா, மகள் வணிகவியல் பிரிவு. வக்கீலுக்கும் படிக்க வேண்டும் என்கிறாள். ஐந்து வருடப் படிப்பில் சேர்த்துவிடலாமா, இல்லை முதலில் பி.காம். முடிக்கட்டுமா?" என்று கேட்டார். வாசலில் நின்றபடி அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் 2017இல் பி.காம். முடித்தேன். இரண்டு ஆண்டுகள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, 2019இல் மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர்ந்தேன். இப்போது மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். ஆகவே என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஒருங்கிணைந்த பி.காம்., எல்.எல்.பி. ஐந்து ஆண்டு, பத்துப் பருவங்கள். தனித்தனியாகப் படித்தால் மூன்றும் மூன்றும் ஆறு. ஓர் ஆண்டு மிச்சம். தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பு என்றால் பெரும்பாலும் பி.ஏ., எல்.எல்.பி.தான், வணிகவியலோடு சேர்ந்த படிப்பு வேண்டுமென்றால் சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளி, திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், பிறகு தனியார் நிறுவனங்கள் என்று தேட வேண்டும். திருச்சிக்கு கிளாட் என்ற தேசிய அளவிலான சட்ட நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சீர்மிகு சட்டப்பள்ளிக்குப் பிளஸ் டூ மதிப்பெண். மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். ஐந்தாண்டு முடித்தவரும் மூன்றாண்டு முடித்தவரும் வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் ஒரே பதிவேட்டில்தான் பெயர் எழுதுகிறார்கள். அகில இந்திய பார் தேர்வும் இருவருக்கும் ஒன்றுதான். கறுப்பு அங்கியில் வேறுபாடு தெரியாது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் உண்மையான அழகு ஒன்று இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாடத்திலேயே ஒரு வரி வரும்: கூட்டாண்மை ஒப்பாவணம் இல்லாதபோது, கூட்டாளி நிறுவனத்துக்குக் கொடுத்த கடனுக்கு 6 சதவீதம் வட்டி. நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம். ஏன் ஆறு, யார் சொன்னது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. சட்டக் கல்லூரியில் 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தைப் பிரித்தபோது, 13ஆம் பிரிவில் அந்த ஆறு சதவீதம் உட்கார்ந்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வரியின் பிறந்த வீட்டைப் பார்த்த மகிழ்ச்சி எனக்கு. ஐந்தாண்டுப் படிப்பில் அந்தக் கணக்கும் அந்தப் பிரிவும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே வர வாய்ப்புண்டு. இங்கிலாந்தில் தீர்ப்பான கார்னர் எதிர் மர்ரே வழக்கும் அப்படித்தான். நொடித்துப்போன கூட்டாளியின் பற்றாக்குறையை மற்றவர்கள் எப்படி ஏற்பது என்று பி.காம். மாணவர்கள் கணக்காகப் போட்டுப் பழகுகிறார்கள். அது ஒரு தீர்ப்பு என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு துறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சேர்த்துப் படிக்க ஆசைப்படும் பிள்ளையின் ஆசையில் தவறே இல்லை.

ஆனால் அந்தப் பின்னல் எனக்குப் புரிந்தது வகுப்பில் அல்ல. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தது 2017 ஜூலை. அதே ஜூலை முதல் தேதிதான் ஜி.எஸ்.டி. வந்தது. கீழமாசி வீதி மளிகை வியாபாரிகள் சாக்குப்பையில் பில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள். அவர்களில் வயதான ஒருவர் துவரம்பருப்பு மூட்டையின் வெற்றுச் சாக்கு ஒன்றை என் மேசைமேல் விரித்தார். நடுவில் பச்சை மையில் அவருடைய தந்தையின் பெயர், கீழே ஒரு ஜோடி மாட்டின் படம். "ஏம்மா, இது பிராண்டா இல்லையா? பிராண்டு என்றால் அஞ்சு சதவீதமாம், இல்லை என்றால் வரியே இல்லையாம். நாற்பது வருஷமாக இப்படித்தான் அச்சடிக்கிறோம்."

எனக்குப் பதில் தெரியவில்லை. பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் தெரியும். அந்தச் சாக்குக்கு வரி உண்டா என்பது கணக்கில் இல்லை. பதிவு செய்த வணிகப் பெயரா என்பதுதான் அன்றைய விதி கேட்ட கேள்வி. அதற்கான விடை 1999ஆம் ஆண்டின் வர்த்தகக் குறிகள் சட்டத்தில் இருந்தது. வரியைத் தவிர்க்கச் சிலர் பதிவையே ரத்து செய்யத் தொடங்க, அந்தச் செப்டம்பரிலேயே அரசு அறிவிக்கையைத் திருத்தியது: 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பெயர், பிறகு நீக்கப்பட்டாலும் பதிவுள்ளதாகவே கருதப்படும் என்றது. எங்கள் ஆடிட்டர் ஐயா ஒரு வக்கீலுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் அந்தப் பெரியவருக்குப் பதில் சொன்னார். தொலைபேசியின் அந்த முனையில் நான் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பதினேழு வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டேன். எடுத்திருந்தாலும் ஏன் எடுக்கிறேன் என்று சொல்லத் தெரிந்திருக்காது.

இனி, நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் காரணம். ஐந்தாண்டுப் படிப்பில் நடுவில் கதவு கிடையாது.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் 13ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருங்கிணைந்த படிப்பைப் பிரித்து, இடையில் ஒரு பட்டத்தைக் கொடுத்து ஒருவரை வெளியே அனுப்ப முடியாது. பட்டதாரி என்ற காரணத்தைச் சொல்லி நடுவில் நுழையவும் முடியாது. மூன்று ஆண்டு முடித்தால் பி.காம்., ஐந்து முடித்தால் எல்.எல்.பி. என்று பல பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பத்தாவது பருவத்தைத் தாண்டாதவரை உங்கள் பிள்ளையின் கல்வித்தகுதி பிளஸ் டூ.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் சித்தி மகன். ஒரு தனியார் கல்லூரியில் ஐந்தாண்டு பி.காம்., எல்.எல்.பி. சேர்ந்தான். ஏழு பருவங்கள் ஒரு பாடமும் நிலுவை இல்லாமல் தேறினான். நான்காம் ஆண்டில் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கடையைப் பார்க்க ஆள் இல்லை, கட்டணம் கட்டப் பணம் இல்லை. படிப்பு நின்றது. ஓர் ஆண்டு கழித்து வங்கி எழுத்தர் தேர்வுக்கு விண்ணப்பிக்க என் மடிக்கணினி முன் உட்கார்ந்தான். கல்வித்தகுதிக்கான இடத்தில் பட்டம் என்று கேட்டது. கையில் இருந்த உறையிலிருந்து ஏழு மதிப்பெண் பட்டியல்களையும் எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினான். அவற்றில் எதையும் அந்த இடத்தில் எழுத முடியாது. சற்று நேரம் பார்த்துவிட்டு மடிக்கணினியை மெதுவாக மூடினான். அவனோடு பள்ளியில் படித்து, உள்ளூர்க் கல்லூரியில் வெறும் பி.காம். முடித்த பையன் அதே தேர்வை எழுதினான்.

வீட்டில் நான்கைந்து ஆண்டுகளுக்கு எதுவும் நடக்காது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய குடும்பங்கள் உண்டு. எங்கள் தெருவில் அப்படிப்பட்டவை அதிகம் இல்லை. நோய், கடன், கல்யாணம் ஏதாவது ஒன்று வரும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் கூடுதலாகச் சொல்வேன்: மூன்றாம் ஆண்டில் வரன் பேச ஆரம்பிக்கும் வீடுகளை நான் நன்றாகவே அறிவேன். அந்த வேளையில் பெண்ணின் கையில் ஒரு பட்டம் இருப்பதற்கும் ஆறு மதிப்பெண் பட்டியல்கள் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

தனி பி.காம். பட்டம் வேறு வழிகளையும் திறக்கிறது. 55 சதவீதத்துடன் பி.காம். முடித்தவர், ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பில் அடித்தளத் தேர்வு எழுதாமல் நேராக இடைநிலைக்குப் போகலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதலாம். என்னைப் போல இரண்டு ஆண்டு வேலை பார்த்து, சட்டப் படிப்புக்கான கட்டணத்தைத் தானே சேர்க்கலாம். சி.ஏ.வையும் சட்டத்தையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: சட்டம் முழுநேரப் படிப்பு, சி.ஏ.வுக்காக ஆடிட்டரிடம் செய்யும் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியும் முழுநேரம். ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றொன்று.

எதிர்ப்பக்கத்தின் பலத்தையும் சொல்ல வேண்டும். நீதிபதி ஆவதுதான் இலக்கு என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு அந்த ஓர் ஆண்டு பெரிது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் விதித்துவிட்டதால், படிப்பு முடிந்து பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்துதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். இன்னொன்று, பெரிய நகரங்களின் கம்பெனிச் சட்ட அலுவலகங்கள். நான் அந்தப் பக்கம் வேலை பார்த்ததில்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கே போன தோழி, தனக்கு வேலை கிடைத்ததற்குக் காரணம் படிக்கும்போதே செய்த பயிற்சிகள்தான் என்கிறாள். விதிப்படியே ஐந்தாண்டு மாணவருக்கு இருபது வாரப் பயிற்சி, மூன்றாண்டு மாணவருக்குப் பன்னிரண்டு வாரம்தான். அவள் கண்டது ஒரு வகைக் கல்லூரியை மட்டும். எல்லா ஐந்தாண்டுக் கல்லூரிகளிலும் அந்தக் கதவுகள் திறக்கும் என்று அவளை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "மகள் கிளாட் எழுதினாளா?" இல்லை என்றார். அப்படியானால் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். போடுங்கள், மாலையில் வேண்டுமானால் என் அலுவலகத்துக்கு வந்து வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்க்கட்டும் என்றேன். போன வாரம் வந்தாள். காசோலை வழக்கு ஒன்றில் வங்கிக் கணக்கு அறிக்கையையும் எதிர்த்தரப்பின் பேரேட்டையும் அருகருகே வைத்து, ஒரு தேதி பொருந்தாததை என் ஜூனியருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

சித்தி மகன் தொலைநிலைக் கல்வியில் முதலாம் ஆண்டிலிருந்து பி.காம். சேர்ந்தான். இப்போது இறுதி ஆண்டு. முடித்ததும் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். பழைய ஏழு பருவங்களில் தேறிய சட்டப் பாடங்களைக் கழித்துக்கொள்வார்களா என்று கேட்டான். மாட்டார்கள், முதல் ஆண்டிலிருந்துதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, விண்ணப்பம் எந்த மாதம் கொடுப்பார்கள் என்று கேட்டான்.