ஜென்செட் இல்லாமல் கொச்சிக்குப் போன எங்கள் தேங்காய்த் துருவல்

பொள்ளாச்சி, உடுமலை பக்கம் ஃப்ரோசன் தேங்காய்த் துருவல், பரோட்டா, முருங்கைக்கீரை என்று கப்பலில் அனுப்புகிற சின்ன யூனிட்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். போன சித்திரையில் எங்களுக்கு நடந்தது. இதில் வருகிற ஆள் கோயமுத்தூரில் இருக்கும் ஒரு ஃபார்வர்டர், அதாவது சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்து தருகிறவர். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

துபாய்க்கு 20 அடி ரீஃபர், அதாவது குளிர்பதனக் கன்டெய்னர், ஒன்று. பத்து கிலோ கார்ட்டன் 1,200, மொத்தம் 12 டன் துருவல். கிட்டத்தட்ட 45,000 காய். உரித்து, ஓடு நீக்கி, கருப்புத் தோலைச் சீவி, துருவி, பாக்கெட் போட்டு, பிளாஸ்ட் ஃப்ரீசரில் உறைய வைத்து, மைனஸ் 20-இல் அடுக்கி வைத்த சரக்கு. தோல் சீவும் பெண்களுக்குக் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். அந்த உழைப்பு எத்தனை நாள் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மூன்று பேரிடம் ரேட் கேட்டோம். இவருடையது மற்ற இரண்டையும்விட 42,000 ரூபாய் குறைவு. எப்படிக் கட்டுப்படியாகுது என்று கேட்டேன். "நம்மகிட்ட வால்யூம் இருக்குதுங்க அம்மணி. கப்பல் லைன்காரங்க நமக்குத் தனி ரேட் குடுக்கறாங்க. ஜென்செட், ப்ளக், இன்சூரன்ஸ் அத்தனையும் இதுல அடக்கமுங்க" என்றார். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வந்தவர் என்பதால் அதற்கு மேல் நானும் குடையவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் டிரெய்லர் வந்தது. ஜென்செட் என்றால் தெரியும்தானே, ரீஃபர் மெஷினுக்கு ரோட்டில் கரண்ட் கொடுக்கிற டீசல் ஜெனரேட்டர். கன்டெய்னரின் முன்பக்கத்தில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் சேசிஸுக்கு அடியில் தொங்கும். இந்த வண்டியில் ரெண்டு இடத்திலும் இல்லை. டிரைவர் தம்பியிடம் கேட்டால், "அது கொச்சியில யார்டுக்குப் போனதும் ப்ளக் போட்டுருவாங்கக்கா, அஞ்சு மணி நேரந்தானே" என்றான். ஃபார்வர்டருக்குப் போன் போட்டேன். "ராத்திரி வண்டிங்க அம்மணி, கதவு மூடிட்டா ஒண்ணும் ஆகாதுங்க. காலையில துறைமுகத்துக்குள்ள கேட்-இன்." அந்த இடத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். கட்-ஆஃப், அதாவது கப்பலுக்குச் சரக்குச் சேர்க்கிற கடைசி நேரம், போய்விடுமோ என்ற பயத்தில் ஏற்றினோம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பினோம். நன்றாக உறைந்த 12 டன் சரக்கு மூடிய கன்டெய்னருக்குள் அஞ்சு மணி நேரம் தாங்கும். ஆனால் ரீஃபர் என்பது ஃப்ரீசர் இல்லை. உள்ளே வைத்த குளிரை அது காப்பாற்றும், இளகிப்போனதைச் சட்டென்று திரும்ப உறைய வைப்பதற்கு அந்த மெஷினுக்குத் திராணி போதாது. அடியில் இருக்கிற அலுமினியத் தரைக் கால்வாய் வழியாகக் குளிர்காற்று ஓடி, சுவரோரமும் கார்ட்டன்களுக்கு மேலேயும் ஏறித் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் சுவரில் சிவப்புக் கோடு போட்டு, அதற்கு மேல் அடுக்காதே என்கிறார்கள். நாங்கள் கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்தியிருந்தோம். காற்று ஓடினால்தானே அதற்கெல்லாம் அர்த்தம்.

எங்கள் பக்கம் ஒரே ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருந்தோம். வெப்பநிலை பதிகிற சின்ன லாகர் ரெண்டு வாங்கி, ஒன்றைக் கதவோர மேல் கார்ட்டனிலும் இன்னொன்றை நடு அடுக்கிலும் போட்டு டேப் ஒட்டினோம். ஃபார்வர்டருக்கு அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்லத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை போன் செய்தால் "கேட்-இன் ஆயிருச்சுங்க" என்றார். வாட்ஸ்அப்பில் ரீஃபர் டிஸ்பிளே போட்டோவும் அனுப்பினார். மைனஸ் 18 என்று பளிச்சென்று தெரிந்தது. நிம்மதியாக இருந்தோம்.

பத்து நாள் கழித்துத் துபாயிலிருந்து வீடியோ கால். வாங்குகிறவர் தாராபுரத்துக்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு, "தங்கச்சி, கொஞ்சம் பாரு" என்பதற்கு மேல் பேசவில்லை. கதவோரக் கார்ட்டன்கள் அடி நசுங்கி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. ஒன்றைக் கிழித்துக் காட்டினார். பாக்கெட்டுகள் தனித்தனியாக வரவில்லை. அட்டையோடு ஒட்டி ஒரே கட்டியாக, ஓரத்தில் பழுப்பேறிய ஐஸ் பாளமாக வந்தது. உதிர் உதிராக இருக்க வேண்டிய துருவல் இளகி, தண்ணீர் விட்டு, மறுபடி இறுகியிருந்தது. நன்றாக உறைந்து போனது அப்படி ஆகாது. தேங்காய் கை பழகிய எவருக்கும் ஒரு பார்வையில் தெரியும்.

லாகரை எடுத்து லேப்டாப்பில் செருகி, அது பதிந்த வெப்பநிலைக் கோட்டை அனுப்பச் சொன்னேன். வெள்ளி சாயங்காலம் ஆறரை மணிக்கு மைனஸ் 19. சனி மத்தியானம் கதவோரம் மைனஸ் 10. ஞாயிறு சாயங்காலம் மைனஸ் 2. நடு அடுக்கு மைனஸ் 9 வரை ஏறியிருந்தது. ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கோடு கீழே இறங்கவே ஆரம்பிக்கிறது. 51 மணி நேரம் கரண்ட் இல்லை. கொச்சியின் சித்திரை வெயிலில் வெளியே நின்ற இரும்புப் பெட்டி.

டிரைவர் தம்பியைத் தேடிப் பிடித்துக் கேட்டதில் மிச்சம் தெரிந்தது. புக்கிங்கே அன்றைக்கு உறுதியாகவில்லை. கப்பல் அடுத்ததற்குத் தள்ளிப்போனதால், கொச்சி வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினலுக்குள் விடவில்லை. வெளியே ஒரு தனியார் யார்டில் ப்ளக் வசதி இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டார்கள். போட்டோ எங்கே எடுத்தது என்று தெரியாது. ஆனால் அதில் தெரிந்த 18 செட் பாயின்ட், அதாவது மெஷினில் நாம் வைக்கச் சொன்ன அளவு. உள்ளே சுற்றி வருகிற காற்றின் வெப்பநிலை வேறு. இனி யாராவது டிஸ்பிளே போட்டோ அனுப்பினால் திரும்பி வரும் காற்றின் வெப்பநிலையையும், கன்டெய்னர் எண் தெரிகிற மாதிரி இன்னொரு படத்தையும் கேளுங்கள்.

பில்லைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. ஜென்செட் வாடகை 9,500. யார்டு ப்ளக்-இன் மூன்று நாள். இல்லாத ஜென்செட்டுக்கும் போடாத ப்ளக்குக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார். கவனக்குறைவு என்றால் மனசு ஆறியிருக்கும்.

ரீஃபர் மெஷினே மணிக்கு மணி வெப்பநிலையைப் பதிந்து வைக்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு லைனுக்கு எழுதினோம். "உங்களுடன் எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை" என்று ஒரு வரிப் பதில். பி.எல். என்றால் பில் ஆஃப் லேடிங், சரக்கை வாங்கிக்கொண்டதற்கான ரசீது. எங்கள் கையில் இருந்தது ஃபார்வர்டர் போட்ட ஹவுஸ் பி.எல். லைன் கொடுக்கிற மாஸ்டர் பி.எல்.லில் ஷிப்பர், அதாவது சரக்கு அனுப்புகிறவர், என்று அவர் பெயர்தான் இருந்தது. அவர் கேட்டால்தான் டேட்டா வரும். அவர் எதற்குக் கேட்பார்?

இன்சூரன்ஸும் கைவிட்டது. உறைபொருள் பாலிசி இருந்தது உண்மைதான். ஆனால் வெப்பநிலை மாறி வருகிற நஷ்டத்துக்கு, குளிர் மெஷின் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் பணம். எங்களுடையது பழுதாகவில்லை, கரண்ட் கொடுக்கவில்லை. சர்வேயர் அதைச் சொன்னபோது பாலிசியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். கூடவே கடல் சரக்குச் சட்டத்தில் இன்னொன்று: வெளியே தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்த மூன்று நாளுக்குள் சரக்கைக் கடல்வழி சுமந்து வந்தவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் நிரூபிக்கிற பாரம் நம் தலையில். வழக்குப் போட ஒரு வருஷம் கெடு. எங்கள் கடிதம் போனது எட்டாம் நாள்.

430 கார்ட்டன் அங்கேயே அழிக்கப்பட்டது, அதற்கான செலவும் நம் கணக்கில். மீதியைத் துபாய் அண்ணன் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அவர் எடுக்காமல் விட்டிருந்தால் யூனிட்டுக்குப் பூட்டுதான். தோல் சீவுகிற பெண்களுக்கு அந்த மாதச் சம்பளம் நகையை வைத்துக் கொடுத்தோம்.

இப்போது ஜென்செட் ஓடுகிற சத்தம் என் காதில் விழாமல் ஒரு கார்ட்டன் உள்ளே போவதில்லை. டீசல் அளவையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மாஸ்டர் பி.எல்.லில் எங்கள் பெயரே ஷிப்பராக வர வேண்டும் என்று கேட்கிறோம். ஃபார்வர்டர் 1993 சட்டப்படி பதிவு செய்த பன்முகப் போக்குவரத்து நடத்துநரா, அதாவது ரோடு, கப்பல் என்று முழு வழிக்கும் பொறுப்பேற்கிறவரா என்று சான்றிதழ் வாங்கிப் பார்க்கிறோம்.

நோட்டீஸ் போனதற்கு அப்புறம் அந்த ஆள் 9,500 ரூபாயை மட்டும் கணக்கில் போட்டுவிட்டு, "நல்லெண்ண அடிப்படையில்" என்று மெயில் அனுப்பியிருக்கிறார். போன வாரம் நெகமத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். அவனுக்கும் அதே ஆள், அதே குறைந்த ரேட், எல்லாம் அடக்கம் என்ற அதே பேச்சு. கிணத்துக்கடவு, உடுமலை, தாராபுரம் பக்கம் உங்களுக்கும் அப்படி ஒரு கொட்டேஷன் வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். லாகர் கோட்டையும் பில்லையும் அனுப்புகிறேன்.