கற்பனை நோயாளிகளோடு குப்பை கொட்டிய அனுபவம்

மதுரையில் பேத்தாலஜி (நோய்க்குறியியல்) பாடம் எடுக்கும் தோழி, "அந்தக் கேஸ் தொகுப்பு எப்படி, எங்க டிபார்ட்மெண்டுக்கு வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். கற்பனை நோயாளிகளின் கதையைச் சொல்லி, என்ன நோய் என்று மாணவர்களையே யோசிக்க வைக்கும் புத்தகம் அது; நான் வகுப்பில் நடத்திப் பார்த்தேன். போனில் சொல்லி மாளாது, அதனால் இங்கே.

முதலில் நல்லது. எம்பாலிசம் (ரத்தத்தில் மிதந்து வரும் கட்டியோ காற்றுக் குமிழோ ரத்தக்குழாயை அடைப்பது) பாடத்தை வெறும் வகைப் பட்டியலாக நடத்தினால் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார்கள். தொகுப்பில் கடலில் முங்கி எழும் ஒருவர் வருகிறார். கீழக்கரைப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க ஊர்ல சங்கு குளிக்கிறவங்க மூச்சடக்கித்தான் முங்குவாங்க. அடியில காத்தே இழுக்காதவருக்கு நைட்ரஜன் எங்கருந்து இவ்வளவு ஏறும்?" அருமையான கேள்வி! ஆழத்தில், அழுத்தத்தில் காற்றைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால்தான் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் தாராளமாகக் கரையும். சட்டென்று மேலே வந்தால் குமிழாகப் பிரியும். அந்த மனிதர் எதில் மூச்சு விட்டார் என்று தொகுப்பில் ஒரு வரி இல்லை. வகுப்பே சேர்ந்து அவர் வாயில் படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரஸர் குழாயைக் கொடுத்தது. மூட்டுவலி, மூச்சுத்திணறல், நாள்பட்டால் தொடை எலும்பின் தலை செத்துப்போவது வரை அவர்களே பேசி முடித்தார்கள். எனக்கு வேலையே இல்லை.

ஆனால் ஒன்று இன்றுவரை எரிச்சல். இந்த நோயாளிகள் வெட்டியாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. "கப்பல் கட்டும் தளத்தில் வேலை, ஆஸ்பெஸ்டாஸ், பீடி" என்று படித்த கையோடு பாதி வகுப்பு மீசோதீலியோமா (நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய்) என்று எழுதிவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் நான் வைத்திருந்ததோ கெரட்டின் (தோலிலும் நகத்திலும் இருக்கும் புரதம்) முத்துகள் பளிச்சென்று தெரியும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது நுரையீரலுக்குள்ளேயே வரும் ஒரு வகைப் புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸில் உழன்றவர்களுக்கு மீசோதீலியோமாவைவிட நுரையீரல் கார்சினோமாதான் அதிகம், அதிலும் புகை பிடித்தால் கேட்கவே வேண்டாம். ஸ்லைடைப் பார்க்காமலே பதில் எழுதப் பழக்குகிறது இந்தப் புத்தகம்.

நிஜத்தில் பாம்பனிலிருந்து வரும் பெரியவர் டீசல் விலை, இலங்கை நேவி பிடித்துப்போன படகு, மகள் கல்யாணம் எல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து போகும்போதுதான் "வாயில ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது" என்பார். புகையிலையை நாம் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெரியவர் தொகுப்பில் எங்கேயும் இல்லை.

தோழிக்குப் பதில்: வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல ஸ்லைடுகள் போடுங்கள். நான் அடுத்த பேட்சுக்கும் இதைத்தான் எடுக்கப்போகிறேன், அது வேறு கதை.