மானிட்டர் மஞ்சளடித்தால் ‘போர்டு போச்சு’ என்பதை நம்பிவிடாதீர்கள்

எங்கள் வீட்டு மானிட்டரில் வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. கேபிளோடு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். “போர்டு போயிடுச்சு சார், மாத்தியாச்சு” என்று 2,800 ரூபாய் வாங்கினார்கள். புதுக் கேபிள் ஒன்று இலவசமாம். படம் பளிச்சென்று இருந்தது.

வீட்டில் பின்பக்கத்தைப் பார்த்தால் திருகுக் குழிகளில் பழைய தூசி அப்படியே அப்பிக் கிடக்கிறது. கம்பெனி சீல்கூடக் கிழியவில்லை. திறக்காமலே எந்த போர்டை மாற்றினார்கள்? பையில் கிடந்த எங்கள் பழைய விஜிஏ கேபிளை (கணினியின் படத்தை மானிட்டருக்குக் கொண்டுவரும் பழைய வகைக் கேபிள்) மாட்டினேன். மறுபடி அதே மஞ்சள். அதன் முனையில் மேல் வரிசையின் நடுவிலிருந்த பின் (ஊசி போன்ற கம்பி) மடங்கிப் படுத்திருந்தது.

அந்த மூன்றாவது பின்தான் நீல நிறத்தைக் கொண்டுவருவது. நீலம் வராவிட்டால் வெள்ளை மஞ்சளாகும். முதல் பின் சிவப்பு. அது போனால் திரை பச்சை கலந்த நீலமாகிவிடும். இரண்டாவது பச்சை, அது போனால் ரோஸ். (நடு வரிசையில் ஒரு பின் இல்லாமலே பல கேபிள்கள் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) கடையின் கேபிளை மாட்டிய நொடியிலேயே கடைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். தெரிந்தே பில் போட்டிருக்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கடைக்குத் தூக்கும் முன் மானிட்டரின் பட்டனை அழுத்தி அதன் மெனுவைப் பாருங்கள். அந்த மெனுவை மானிட்டரே வரைகிறது, கணினியிலிருந்து வருவதில்லை. மெனுவில் நிறம் சரியாக இருந்து படம் மட்டும் நிறம் மாறியிருந்தால் கேபிள், அதைச் சொருகும் போர்ட், கணினி பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸில் நைட் லைட் (இரவில் கண் கூசாமலிருக்க நீலத்தைக் குறைக்கும் செட்டிங்) ஆன் ஆகியிருந்தாலும் திரை மஞ்சளடிக்கும். புதிய வகையான எச்டிஎம்ஐ கேபிளில் ரோஸோ பச்சையோ படர்ந்தால் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீலம்) மாற்றிப் பாருங்கள்.

அப்படியும் கொடுக்க வேண்டி வந்தால், உங்கள் கண்முன்னே வேறு கேபிளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய போர்டையும் கேட்டு வாங்குங்கள். நான் கேட்டதற்கு “ஸ்கிராப்புல போட்டாச்சு” என்றார்கள். பில்லையும் சீல் கிழியாத படத்தையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.